உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் என் தையல் கடையும்

அன்புள்ள சாந்திக்கு,

உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் எழுத வரும். கல்யாணமாகிப் புருஷனோடு ஊரைவிட்டுப் போகிற பெண், ரயில் கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து என்ன சொல்வாள்? உடம்பைப் பார்த்துக்கொள் என்பாள். அழுவாள். நானும் அழுவதற்குத் தயாராக முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பொம்மிடி ஸ்டேஷனில் நின்றேன். நீ என்னடாவென்றால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் போயிட்டா ஞாயித்துக்கிழமை கூட்டம் நின்னுடுமாம்மா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வந்த அழுகையும் போய்விட்டது. உன் அப்பா பஸ்ஸில் பாலக்கோடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். "உம் பொண்ணு நாக்பூருக்குப் போறா, மனச மட்டும் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போறா" என்றார்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு ரயில் நின்றிருந்தாலும் உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்தேன். நீ இழுத்துப் பிடித்து நடத்தியது, நீ போனால் யார் நடத்துவார்கள் என்று நினைத்தேன். இப்போது பதில் கிடைத்திருக்கிறது. கிடைத்த விதம் எனக்குக் கொஞ்சம் அவமானமாகவும் ரொம்பப் பெருமையாகவும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்குப் பெற்றோர் ஒருவர் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். எனக்குக் கட்டுரை எழுத வராது, பெண்ணுக்குக் கடிதம் எழுத வரும், வேண்டுமானால் அதையே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் மற்றவர்களுக்காகச் சொல்லிக்கொண்டுதான் போவேன், சலித்துக்கொள்ளாதே. இதில் மாதம்மாவின் கதை வருகிறது. அவளிடம் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்க டெய்லரம்மா. புதுசா வர்ற புள்ளைங்ககிட்ட நானே மொதல்ல அதத்தானுங்களே சொல்றேன்" என்றாள்.

ஊரில் எனக்குப் பெயரே அதுதான், டெய்லரம்மா. பள்ளிக்கூடம் போகிற வழியில் வீட்டின் முன்னறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான்தான் யூனிபார்ம் தைக்கிறேன். அளவு எடுக்கும்போது நிற்கிற பிள்ளை ஏதாவது பேசாமல் இருக்காது. யார் வீட்டில் சண்டை, யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்த வாத்தியார் திட்டினார், எல்லாம் தானாக என் காதுக்கு வந்துவிடும். ஊரில் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் நடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை. உன் அப்பா சர்க்கரை ஆலையிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தால், "இன்னைக்கு ஊர்ல என்ன விசேஷம்?" என்று என்னிடம்தான் கேட்பார்.

நீயும் உன் தோழிகளும் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஆரம்பித்தது இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ப்ளஸ் டூ வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று கல்லூரிக்குப் போன நம் பிள்ளைகள் பல பேர், ஆயுத பூஜை லீவுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திரும்பிப் போகமாட்டார்கள். கேட்டால் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அப்படி வந்துவிட்ட ஒரு பையனைத் தக்காளி மார்க்கெட்டில் கூடை தூக்கும்போது பார்த்துவிட்டு வந்து, அடுத்த நாள் காலையில், "படிச்சு முடிச்சுட்டுப் போனவங்க இருக்கோம். படிக்கிறவங்க இருக்காங்க. நடுவுல பேச்சே இல்லம்மா" என்றாய்.

முதலில் என்ன செய்தீர்கள்? விழா எடுத்தீர்கள். சாமியானா, மைக் செட், மாலை, மரியாதை, ஒன்றுக்கும் குறைவில்லை. பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, விடியற்காலையில் எழுந்து படிக்கவேண்டும், லட்சியம் வேண்டும், உழைத்தால் உயரலாம் என்று பேசினார்கள். நீயும்தான் பேசினாய். நான் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நீ மைக்கைப் பிடித்து நின்றபோது எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். முடிந்ததும் ஒரு பெண் ஓடி வந்தாள். பாடத்தைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறாள் என்று நீ குனிந்தாய். "அக்கா, இந்தப் பொடவ எங்கக்கா எடுத்தீங்க?" என்றாள். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நாங்க பேசினோம், அவங்க கைதட்டினாங்க. அவ்வளவுதாம்மா நடந்துச்சு" என்றாய். வேறொருத்தியாக இருந்தால் அடுத்த வருஷம் இன்னும் பெரிய சாமியானா போட்டிருப்பாள். நீ மேடையே வேண்டாம் என்று முடிவு செய்தாய். அந்த வயதில் மாலையை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

அடுத்து, பழைய மாணவர் ஒருவருக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று என்று ஜோடி போடலாம் என்றீர்கள். யாரை யாரோடு சேர்ப்பது என்று பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அங்கேதான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து காரியத்தைக் கெடுத்தோம். "சொந்தக்காரங்களாப் பாத்து ஜோடி போடுங்க. அப்பதான் பாசமாப் பாத்துக்குவாங்க. வயசுப் பொண்ணுங்கள அசலார்கிட்ட எப்படி வுடறது?" இதை முதலில் சொன்னது நானா உன் அப்பாவா என்று எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை உண்டு. யார் சொன்னால் என்ன, அத்தனை பேரும் தலையாட்டினோம். நம் ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதலில் உறவுமுறையைத்தானே தேடுவோம். அண்ணன் மகனுக்குச் சித்தப்பா மகன், அத்தை மகளுக்கு மாமன் மகள் என்று ஜோடி சேர்ந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். பாடத்தைப் பற்றிப் பேசப் போனவன் பெண் பார்த்துவிட்டு வந்த கதையும் நடந்தது. எல்லாம் பேசினார்கள், பிள்ளை பேசவேண்டியதைத் தவிர. பெரியம்மா மகளிடம் போய்க் கணக்கு வரவில்லை என்று எந்தப் பெண் சொல்வாள்? அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து அது ஊருக்கே தெரிந்துவிடும். யாரும் சொல்லவில்லை. மாதம்மா ஒருத்திதான் நம்பிச் சொன்னாள்.

மாதம்மா நம் ஊருக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண். அவள் அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். மகள் டாக்டராகப் போகிறாள் என்று மார்க்கெட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கோ அரைப் பரீட்சையில் இயற்பியலும் போய்விட்டது, வேதியியலும் போய்விட்டது. வீட்டில் பாஸ் என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு ஜோடி போட்டிருந்தது மாமன் மகள் விஜயாவை. விஜயா தங்கமான பெண், அவள்மேல் ஒரு தப்பும் சொல்லமாட்டேன். மாதம்மா அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு மனசு தாங்காமல், நேரே அடுப்படிக்குப் போய், "அத்தை, அவளுக்குக் கொஞ்சம் பால் கீல் குடுத்து நல்லாப் பாத்துக்குங்க. ரெண்டு பாடத்துல போயிடுச்சுன்னு பாவம் அழுவுறா" என்று சொல்லிவிட்டாள். பாசத்தில் சொன்னதுதான். அன்று சாயங்காலமே அவள் அப்பா படித்தது போதும் என்று சொல்லிப் புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்.

நீ சனிக்கிழமை சேலத்திலிருந்து வந்தபோது விஜயா நம் கடையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை நீ குறை சொல்லவில்லை. "நீ என்னடி பண்ணுவ, ஜோடி போட்டது நாங்கதானே" என்றாய். அதற்கு அப்புறம் என் பக்கம் திரும்பி, "அம்மா, நாளைக்குக் காலைல எங்கூட மார்க்கெட்டுக்கு வர்றியா? அவங்கப்பா கூடையோட வருவாரு" என்று கேட்டாய். தனியாக ஒரு வயசுப் பெண் அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்க முடியாது என்பதற்காக என்னைக் கூப்பிட்டாய் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்த இடத்தில் எனக்கு ஒன்று காத்திருந்தது.

அந்தக் காலையை நான் மறக்கவே மாட்டேன். தக்காளி விலை கீழே விழுந்திருந்த சமயம். ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். காலுக்குக் கீழே நசுங்கிய தக்காளி. மாதம்மாவின் அப்பா ஒரு கூடைமேல் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நம்மைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க டெய்லரம்மா. பாப்பா, நீ பெரிய படிப்பு படிக்கிற பொண்ணு, உனக்கு நான் மரியாத தர்றேன். ஆனா எம் பொண்ணப் பத்திப் பேசாத. பாஸுன்னு எங்கிட்டப் பொய் சொல்லிட்டா. பெயிலானதுகூடப் பரவால்லீங்க, ஏமாத்திட்டா பாருங்க, அதத்தான் தாங்க முடியல. இந்த வாயால ஊரெல்லாம் டாக்டருன்னு சொன்னேன்."

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். மாதம்மா கெட்டிக்காரி, அடுத்த பரீட்சையில் எடுத்துவிடுவாள், படிப்பு முக்கியம் என்றெல்லாம் நீ பேசப் போகிறாய் என்று எதிர்பார்த்தேன். நீ பேசியது வேறு.

"நானும் எங்கம்மாகிட்டப் பொய் சொல்லியிருக்கேங்க. இதோ நிக்கிறாங்க, இன்னைவரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. சேலத்துக்குப் போன மொத வருஷம் எல்லாப் பாடமும் இங்கிலீசு. ஒரு எழுத்து புரியல. மொதப் பரிச்சையில இங்கிலீசத் தவிர... இல்லீங்க, இங்கிலீசும் போச்சு. தமிழ் மட்டுந்தான் பாஸு. பெட்டியத் தூக்கிட்டு வந்து வயித்து வலின்னு படுத்துக்கிட்டேன். திரும்பிப் போறதில்லன்னு முடிவு பண்ணித்தான் வந்தேன்."

சாந்தி, எனக்குக் காதுக்குள் மார்க்கெட் சத்தமே நின்றுவிட்டது. அந்த வயிற்று வலி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாரம் பூராவும் உனக்கு நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். நீயும் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தாய். ஊர் விஷயமெல்லாம் தெரிந்த டெய்லரம்மாவுக்கு, சொந்த வீட்டில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

"அப்புறம் எப்படிப் போன?" என்று அவர் கேட்டார். நான் கேட்கவேண்டிய கேள்வி அது.

"ஹாஸ்டல்ல ஹஸீனான்னு ஒரு அக்கா இருந்தாங்க. தருமபுரில அவங்கப்பா ஜவுளி யாவாரம். எனக்கு ஒண்ணும் ஒறவில்ல. அவங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு வந்தேன். ஒரு நாள் பஸ் ஏறி எங்க வூட்டுக்கு வந்தாங்க. அவங்க மொத வருஷத்துல எந்த எந்தப் பாடத்துல போனாங்கன்னு சொன்னாங்க. போகலாமான்னு கேட்டாங்க. போயிட்டேன். எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அந்த ஹஸீனாவை எனக்குத் தெரியும்! பச்சை ஜரிகைத் துணி ஒன்றைக் கொண்டு வந்து, "உங்க கைத் தையல் நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேங்கம்மா" என்று ரவிக்கைக்கு அளவு கொடுத்த பெண். தருமபுரியில் இல்லாத டெய்லரா, இவ்வளவு தூரம் என் பெயர் பரவியிருக்கிறதே என்று மாதக்கணக்கில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அளவு கொடுத்துவிட்டு, உள்ளே போய் உன்னோடு கொஞ்சம் பேசுகிறேன் என்று போனாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். மறுநாள் உனக்கு வயிற்று வலி போய்விட்டது. ஓமத்துக்குத்தான் நன்றி சொன்னேன்.

மாதம்மாவின் அப்பா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பாப்பா, உங்கம்மா முன்னாடியே எல்லாத்தையும் போட்டு ஒடச்சிட்டியே. வூட்டுக்குப் போனா அடி வுழுவுமே" என்றார்.

"அடிக்க மாட்டேங்க" என்றேன். "அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பேனோ என்னமோ. அதனாலதான் எங்கிட்டச் சொல்லல போல."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, பரிச்சைய எழுதட்டும். போனா போவுது. டாக்டரு ஆவாட்டியும் பரவால்ல. ஆனா இனிமே எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லணும்னு நீ அவகிட்டச் சொல்லணும்" என்றார்.

நான் உன் இடத்தில் இருந்தால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். காரியம் முடிந்ததல்லவா? நீ ஆட்டவில்லை. "பொய் சொல்லாம இருக்கச் சொல்றேங்க. ஆனா எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லுவான்னு நான் வாக்குத் தர முடியாது. சிலத வேற ஒருத்தர்கிட்டத்தான் சொல்ல முடியும். அவங்க அத உங்ககிட்டச் சொல்லவும் கூடாது. இதுக்கு நீங்க ஒத்துக்கிட்டாத்தாங்க நான் அவளப் பாத்துக்க முடியும்." அப்பனைப் பார்த்து இப்படிப் பேச உனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? அவர் எழுந்து கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, "நாளைக்குப் பஸ்ஸுல ஏத்தி வுடறேன்" என்றார். பரணிலிருந்து பையை அவரே இறக்கிக் கொடுத்தார் என்று மாதம்மா பிற்பாடு சொன்னாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு உன்மேல் வருத்தம் இருந்தது என்று நினைத்திருப்பாய். இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் படிப்புக்காக, நீ மூடி வைத்திருந்த தோல்வியை நாலு பேர் நடுவில், அதுவும் பெற்றவளை வைத்துக்கொண்டு சொன்னாயே, அந்த மனசு எனக்கு இல்லை. உன் அப்பாவுக்கும் இல்லை. அது உனக்கு ஹஸீனா கொடுத்தது. அந்தப் பெண்ணுக்கு நான் ரவிக்கைக்குக் கூலி வாங்கிவிட்டேனே என்பதுதான் இன்றுவரை என் மனக்குறை.

அதற்குப் பிறகு ஜோடியெல்லாம் கலைத்தீர்கள். சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் கிடையாது, ஒரே ஊரும் கிடையாது. யார் யாருக்கு என்று பெரியவர்கள் சொல்வதும் கிடையாது. பிறகு எப்படிச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். "ஒகேனக்கல் போறோம்மா. நீ எலுமிச்சஞ்சாதம் கட்டிக்கிட்டு வா" என்றாய். பரீட்சைக்கு முன்னால் ஊர் சுற்றுவதா என்று எல்லா அம்மாக்களும் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். நான் கூட வருகிறேன் என்றதால்தான் பெண்களை அனுப்பினார்கள்.

போகும்போது பஸ்ஸில் எல்லாரும் அவரவர் ஊர்க்காரர்களோடும் உறவுக்காரர்களோடும்தான் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போய்ப் பரிசலில் ஏறும்போது பரிசல்காரர் ஆளைப் பார்க்காமல் எடையைப் பார்த்து, நீ இதில் ஏறு, நீ அதில் ஏறு என்று பிரித்துப் போட்டுவிட்டார். பரிசல் சுற்றுகிற சுற்றில் பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கரையில் மீன் வறுவலுக்குக் காத்திருக்கும்போது, பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக, தாங்கள் எதில் தோற்றோம் என்பதைச் சொல்லிச் சிரித்தீர்கள். எந்தப் பாடத்தில் போனது, எந்த வாத்தியாரைப் பார்த்து ஒளிந்தது, ஹாஸ்டலில் எந்த இரவில் அழுதது. பிள்ளைகள் மீனைத் தின்ன மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியானாவுக்கு அடியில் நான் பார்த்த கொட்டாவி ஒன்றுகூட இங்கே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் மாறிவிட்டது. யாரும் சொல்லாமலே ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அப்படி உட்கார்ந்ததுதான் ஜோடி. மாதம்மா உன் பக்கத்தில் இருந்தாள், ஊர் வரும்வரை வாய் மூடவில்லை.

பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என் கடை, பையன்களுக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரம் என்று ஆனது. வராத வாரத்தில் தபால் கார்டு வந்தது. நீங்கள் பாடம் நடத்தவில்லை. டியூஷன் மாதிரியும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் முதல் ஆயுத பூஜை தாண்டும்வரை விடவில்லை. விழுவது அங்கேதான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் மிஷினை மெதுவாக மிதித்துக்கொண்டு காதைத் தீட்டிப் பார்ப்பேன். "டெய்லரம்மா, கொஞ்சம் வேகமா தைங்க" என்று பிள்ளைகளே கிண்டல் செய்வார்கள். மாதம்மா பரீட்சை எழுதி வேதியியலில் மறுபடியும் போனாள். அழுது முடித்து அக்டோபரில் எழுதித் தேறினாள். இப்போது தருமபுரிக் கல்லூரியில் வரலாறு கடைசி வருஷம். புதிதாக ஒரு பிள்ளை வந்தால், "நான் வேதியியல்ல ரெண்டு தரம் போனவ. நீ எதுல?" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறாள். அவள் அப்பா இப்போது மார்க்கெட்டில் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார் தெரியுமா? என் பெண் காலேஜ் வாத்தியாராகப் போகிறாள் என்கிறார். மனுஷர் திருந்தவே இல்லை.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீ போனபிறகு உன் தங்கை கீதா ஒரு மாதிரி ஆகிவிட்டாள். ப்ளஸ் டூ வருஷம் என்று உனக்கே தெரியும். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதல் வருஷம் நீ படுத்திருந்ததும் இப்படித்தான். இந்தத் தடவை நான் ஓமம் காய்ச்சவில்லை. அவளுக்கு ஜோடி மாதம்மா என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாதம்மா வந்தாள், இரண்டு பேரும் கொல்லைப்புறம் போய் ரொம்ப நேரம் பேசினார்கள். நீ இல்லாவிட்டாலும் மற்ற பிள்ளைகளும் வழக்கம்போல வந்து கடையை நிறைத்திருந்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கு அப்புறம் கீதா தட்டைக் காலி செய்தாள். சட்டைக்குப் பட்டன் காஜா போடும்போது பாட்டு முணுமுணுத்தாள். என்னதான் இருந்தது அந்தப் பெண் மனசில்?

மாதம்மா கிளம்பும்போது வாசலில் பிடித்துக்கொண்டேன். "கீதா உங்கிட்ட என்னடி சொன்னா?"

"நல்லா இருக்காங்கம்மா. பயப்படாதீங்க."

"நல்லா இருக்கான்னு எனக்கே தெரியுது. என்ன சொன்னான்னு கேக்கறேன்."

"அது கீதாவோட பேச்சுங்கம்மா. நான் சொல்லக் கூடாது. அவ உசுருக்கோ ஒடம்புக்கோ ஒண்ணுன்னா நானே மொதல்ல உங்ககிட்டத்தான் ஓடி வருவேன். அப்படி ஒண்ணும் இல்லீங்க."

எனக்கு வந்ததே கோபம். "பெத்தவ கேக்கறேன். எத்தன ஞாயித்துக்கிழமை இந்த வூட்டுல சோறு தின்னிருப்ப? நீயா எனக்குச் சொல்லமாட்ட?" என்று கத்திவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, "கோவிச்சுக்காதீங்கம்மா. நான் சாந்தி அக்காகிட்ட எவ்வளவோ சொல்லியிருக்கேன். ஒண்ணாச்சும் அக்கா உங்ககிட்ட வந்து சொல்லுச்சாங்க?" என்று கேட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். மாதம்மாவைப் பற்றி உன்னிடம் எத்தனையோ தரம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். நீ ஒரு தரமும் சொன்னதில்லை. அன்றைக்கு மார்க்கெட்டில் அவள் அப்பாவிடம் நீ கேட்டு வாங்கிய அந்தச் சம்மதத்தை, இன்றைக்கு உன் அம்மாவிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள் அவள். நான் கதவிலிருந்து நகர்ந்து வழிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது, போய்ட்டு வா என்றேன். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மிடியில் வராத அழுகை அங்கே வந்தது.

நின்றுவிடுமா என்று கேட்டாய். நிற்கவில்லை கண்ணு. நாக்பூரில் குளிர் அதிகம் என்கிறார்கள், மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் உங்கள் ரயில்வே குடியிருப்பில் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், நீ சும்மா இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கீதா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். அவளுக்கு என்ன நடந்தது என்று மட்டும் பதில் கடிதத்தில் என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

இப்படிக்கு,
இன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட
உன் அம்மா